இரண்டு புள்ளி நான்கு

பள்ளித் திடலை ஆறு சுற்று.
காகிதத்தில் அவ்வளவுதான்.

சனிக்கிழமை, பகாவ்.
ஏழு மணியாகியும் முழுசாய் விடியவில்லை.
மில்லில் இரவெல்லாம் வெந்த செம்பனைக் குலையின்
எண்ணெய் வாசம்
புல்லின்மேல் பனியோடு படுத்திருக்கிறது.

லோரி ஓட்டும் குணாளன்,
டயர்க் கடை சியூ வெய்,
நிலத் திட்டத்து ரோஸ்லி,
தோட்டத்துக் கிராணி தவனேசன்.
வாரமெல்லாம் ஊர்க்காரர்கள்,
இன்று மட்டும் சிப்பாய்கள்.
தவனேசனின் சீருடையில் மூன்றாம் பொத்தான்
ஒற்றை நூலில் தொங்கியபடி
ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது.

கார்ப்பரல் நான்.
விசில் என் கழுத்தில்,
தொப்பை அதற்குச் சற்றுக் கீழே.
தலைமையகத்துத் தாள் சொல்கிறது:
‘வீரர்களை ஊக்கப்படுத்துக.’
எப்படி என்ற பக்கத்தைச்
சேர்த்துக் குத்த மறந்திருப்பார்கள்.

தேசத்தைச் சொல்லிப் பார்த்தேன்.
ரோஸ்லி கொட்டாவியை
மரியாதையாகக் கையால் மூடினான்.
சர்க்கரையை, மாரடைப்பைச் சொன்னேன்.
‘எங்கப்பா அம்பதுலேயே போயிட்டாரு கார்ப்பரல்’
என்றான் குணாளன், நேற்று மழை பெய்தது என்பதுபோல.
பந்தயம் கட்டினோம்:
கடைசியில் வருபவன் எல்லாருக்கும் தே தாரிக்.
எல்லாருமே நடந்து வந்தோம்.
கடைக்கார ஹனிபா மட்டும் ஜெயித்தார்.

சொல்லாதது ஒன்று இருந்தது என்னிடம்.

போன டிசம்பர் வெள்ளம்.
ஆற்றோரப் பழைய லயத்தில் முழங்கால் தண்ணீர்,
லோரி உள்ளே வராது.
புஷ்பலீலாவுக்கு அன்று டயாலிசிஸ் நாள்.
தொண்ணூற்றொரு கிலோ.
ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் நான்,
கால்மாட்டில் பக்கத்து வீட்டுப் பையன்.
மூன்று முறை இறக்கினேன்.
தண்ணீர்க்குழாய் மேடையில்,
கவிழ்ந்து கிடந்த படகின் முதுகில்,
பாலத்துக் கைப்பிடிச் சுவரில்.
சுவரில் என் நெஞ்சு
பழைய ஜெனரேட்டராய் இரைந்தபோது
அவர்தான் சொன்னார்:
‘மூச்சு வாங்கிட்டுப் போங்க தம்பி.
எனக்கொண்ணும் அவசரமில்ல.’

முகம் வீங்கி, விரல் வீங்கிக் கிடந்தார்.
அங்கே அவசரம்
அவருக்கு மட்டும்தான் இருந்தது.

பிழைத்தார்.
இப்போது திடலோரம் நாசி லெமாக் விற்கிறார்,
எங்கள் தொப்பைகளுக்குப் பாதிப் பொறுப்பு அவருடையது.

இன்று நாலாம் சுற்றில்
இடுப்பைப் பிடித்து நான் நின்றேன்.
நின்றதை அவர் பார்த்தார்.
மரத்தடியில் ஸ்ட்ரெச்சர், அதன்மேல் பயிற்சிக்கு வைத்த மணல் மூட்டை.
‘மணலையா தூக்கிப் பழகுறீங்க?
மணலுக்கு பயமே இருக்காதே’ என்றார்.
மூட்டையை உருட்டித் தள்ளினார்.
செருப்பைக் கழற்றினார்.
ஏறிப் படுத்தார்.

இடது கையில் ஊசி ஏறி ஏறி
நரம்பு கயிறாய்ப் புடைத்திருந்தது.
நாலு மூலையில் நாலு பேர்.
சியூ வெய் எண்ணினான்: சத்து, டுவா, தீகா.

குணாளன் வாயடைத்து நடந்ததை
அன்றுதான் பார்த்தேன்.
கோல் கம்பம் தாண்டியதும்
தவனேசனின் பொத்தான் தெறித்தது.
யாரும் குனியவில்லை.
அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே
‘அன்னைக்கு கண்ணுல மழைதான் விழுந்துச்சு’ என்றார்.
எனக்கு மட்டும் சொன்னதா, தெரியவில்லை.

முக்கால் சுற்றில் ஒருமுறை இறக்கினோம்.
பொய் சொல்ல மாட்டேன்.
இறக்கியபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுசனி விசிலுக்கு முன்பே
திடலில் நாலு நிழல்.
பொத்தான் தைத்திருந்தது, கறுப்பு நூலில்.
பொட்டலம் கேட்டால்
‘ஆறையும் முடிச்சிட்டு வாங்க’ என்கிறார்,
கடனும் கிடையாது.

எனக்கு இன்னும் பதினெட்டு விநாடி கூடுதல்.
பதினெட்டு விநாடி என்றால்
பாலத்துச் சுவரிலிருந்து லோரியை நோக்கி
இருபத்தாறு எட்டு.
போய் அளந்து வந்தேன்.